இடுப்பு இல்லாத பைகள்

என் ஓரகத்திக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "ஒரே வீட்டில் வாக்கப்பட்டவர்கள் இப்படியா" என்று உச்சுக்கொட்ட வேண்டாம். அவள் என் கணவருடைய தம்பி பெண்டாட்டி. வீட்டில் அவள் மாடி, நான் கீழே. ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் நான் காலை ஷிப்ட், அவள் மதிய ஷிப்ட். மாடியில் அவள் பிழியாமல் உலர்த்தும் துணி கீழே என் காய்ந்த துணிமேல் சொட்டும். வங்கியில் நான் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டுப் போகும் வேலை அவள் கைக்குப் போகும். ஆக எந்நேரமும் அவள் என் தலைமேல் எங்காவது சொட்டிக்கொண்டேதான் இருக்கிறாள்.

அவளை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். "கெட்டிக்காரி, நம்பி வேலையைக் குடுக்கலாம்" என்று வங்கிக்குப் பொறுப்பான டாக்டரம்மாவிடம் வாய் வலிக்கச் சொன்னேன். கெட்டிக்காரி என்றதில் பாதகமில்லை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் அவள் செய்த காரியம் புரியும். ஒருவர் கொடுத்த ரத்தத்தைச் சுழல விட்டால் சிவப்பெல்லாம் அடியில் இறங்கி, மேலே மஞ்சளாக ஒரு நீர் நிற்கும். அதுதான் பிளாஸ்மா. அதைத் தனிப் பையில் பிழிந்தெடுப்பது என் பாடு. காயம் பட்ட இடத்தில் ரத்தத்தை உறைய வைக்கிற சத்தெல்லாம் அந்த மஞ்சள் நீரில் இருக்கிறது. அவற்றில் சில எதையும் தாங்கும். எட்டாவது என்று ஒன்று உண்டு, அது மட்டும் சம்பந்தி வீட்டார் மாதிரி. வரவேற்பதில் கொஞ்சம் தாமதமானாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். அதனால் பையைப் பிழிந்த கையோடு வேக பிரீசரில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் படுக்க வைத்துக் கல்லாக்கிவிட வேண்டும். கல்லான பையைப் பெரிய பிரீசருக்கு மாற்றிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது.

ஆனால் நடுவில் ஒருமுறை உருகி மறுபடி கல்லாகிவிட்டால்? பார்ப்பதற்கு அதே பை, அதே மஞ்சள், அதே கல். உள்ளே சத்து போயிருக்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் ரப்பர் பேண்டு. பை இளகலாக இருக்கும்போதே நட்டநடுவில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டுவேன். அப்படியே கல்லாகும். பிறகு ரப்பர் பேண்டை உருவிவிட்டால் பைக்கு நடுவில் ஒரு இடுப்பு விழுந்திருக்கும். அந்த இடுப்பு இருக்கும்வரை பை உருகவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். உருகிவிட்டால் இடுப்பு கலைந்து வழவழவென்று ஆகிவிடும். நான் மாட்டிவிட்டுப் போவேன். மதியம் வருகிறவள் பைகள் கல்லானதும் உருவி, பெரிய பிரீசருக்கு மாற்றி, ரப்பர் பேண்டுகளை என் டப்பாவில் போட்டுவைக்க வேண்டும்.

இதிலும் தகராறு. அந்தக் குளிரில் ரப்பர் விறைத்துப் போயிருக்கும். பதமாக உருட்டி எடுக்காமல் வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். தினமும் காலையில் டப்பாவைத் திறந்தால் பாதிக்குமேல் அறுந்து கிடக்கும். நான் புதுப் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே அவளைக் கரித்துக்கொட்டுவேன்.

"ஒரு ரப்பர் பேண்டைக் கழட்டத் தெரியாதா உனக்கு?" என்று ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"ரப்பர் பேண்டுக்கெல்லாம் உக்காந்து அழறவங்களை நான் பாத்ததே இல்ல, மேடம்" என்றாள். வங்கியில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். அதில் இருக்கிற நக்கல் எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கும்.

போன வாரம் பெரிய பிரீசரில் இடுப்பு கலைந்த பை ஒன்று கிடைத்தது. கதவோரம் இருந்த பை. அவள் கதவைச் சரியாகச் சாத்தாமல் போனில் பேசிக்கொண்டு நின்றிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போனேன். எல்லார் முன்னாலும் அவளுக்குத் திட்டு வாங்கிக் கொடுத்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அன்று நாள் முழுக்கப் பசிக்கவே இல்லை.

அதற்குப் பதில் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

நேற்று ரத்தம் வந்து சேரவே தாமதம். என் ஷிப்ட் முடிகிற நேரத்தில்தான் எல்லாப் பைகளையும் மாட்டி வேக பிரீசரில் அடுக்கிவிட்டுக் கிளம்பினேன். இன்று காலை வந்து பெரிய பிரீசரைத் திறந்தால் நேற்றைய தட்டில் ஒரு பைக்கும் இடுப்பு இல்லை. ஒன்றுவிடாமல் வழவழவென்று கொழுத்துக் கிடந்தன. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் ரத்தம் கொடுக்க வந்து படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா அவளைப் போன் போட்டு வரவழைத்தார். அவள் தலை வாரி, பூனை மாதிரி அமைதியாக வந்து நின்றாள்.

"நான் எல்லாமே கல்லானப்புறம்தான் டாக்டர் கழட்டினேன். கழட்டி நேரா உள்ள வச்சிட்டேன். பிரீசர் கதவைப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்."

"அப்ப இடுப்பு எங்க போச்சு? நடந்து போயிடுச்சா?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? அலாரம் அடிக்கல. டிகிரி ஒரு புள்ளி ஏறல. வேணும்னா பாத்துக்குங்க."

டாக்டரம்மா பார்த்தார். வெப்பமானியும் சரியாக இருந்தது, அலாரமும் சரியாக இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "பிரீசர் சரியா இருக்கு. பை உருகின மாதிரி தெரியல. ஆனா உங்க அடையாளம் மட்டும் உருகினதா சொல்லுது. நாம எதைங்க நம்பறது?"

"அடையாளத்தை நம்புங்க. அது பொய் சொல்லாது. மனுஷங்கதான் சொல்லுவாங்க."

"அப்ப போன வாரம் என்னை அத்தனை பேர் முன்னாடி திட்டினீங்களே டாக்டர்" என்றாள் அவள், மெதுவாக. குரலைக்கூட உயர்த்தவில்லை. "அதுவும் இந்த மாதிரி ஒரு அடையாளத்தை வச்சித்தானே?"

டாக்டரம்மா, அங்கே நின்ற அத்தனை பேர் முன்னாலும், அவளிடம் வருத்தம் தெரிவித்தார். நேற்றைய பைகளை எல்லாம் தனியாக ஒதுக்கிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். முடிவு வரும்வரை யாருக்கும் கொடுக்கக்கூடாது. இன்றோடு இந்த ரப்பர் பேண்டு வித்தையும் வேண்டாம் என்று முடித்தார். அவள் போகும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். பல்கூடத் தெரியவில்லை.

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்றைக்கு ரத்தம் நேரத்தோடு வந்திருந்தது. வித்தை வேண்டாம் என்று அவர் சொன்னால் நான் விட்டுவிடுவேனா? பிழிந்தெடுத்த பைக்கெல்லாம் டப்பாவிலிருந்து எடுத்து எடுத்து மாட்டினேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. வாய் தன்பாட்டுக்கு அவள் வம்சத்தை விசாரித்தது. அவள் வம்சம் என்றால் பாதி என் கணவர் வம்சம்தான், அதையும் சேர்த்தே விசாரித்தேன்.

மதியம் அவள் ஷிப்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்கி வைத்திருக்க மாட்டாள், போன் வந்தது. வண்டியில் போன என் கொழுந்தனை ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் கையில் கிடைத்த சுவரையெல்லாம் பிடித்துக்கொண்டு ஓடினாள். என் கணவருக்கு நான்தான் போன் செய்தேன். அவர் வேலை செய்யும் இடத்திலிருந்து வந்து சேர நேரமாகும்.

கொஞ்ச நேரத்தில் தியேட்டரிலிருந்து எங்கள் அறைக்கே போன். ரத்தம் ஏற்ற ஏற்ற வழிகிறது, உறைய மாட்டேன் என்கிறது. பிளாஸ்மா உடனே வேண்டும், ஏபி குரூப்.

ஏபி குரூப்காரர்கள் ஒரு தினுசு. சிவப்பு ரத்தம் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். பிளாஸ்மா மட்டும் தங்கள் ஆட்களிடமிருந்துதான் வேண்டும். அந்த ஆட்களோ அபூர்வம். எங்களிடம் கைவசம் இருந்த ஏபி பைகள் இரண்டு நாளைக்கு முன்புதான் ஒரு பிரசவத்துக்குப் போயின. இன்றைக்கு வந்ததில் ஒன்றுகூட ஏபி இல்லை. நேற்று வந்ததில் இருந்தது. நேற்று வந்தது எல்லாம் இப்போது ஒதுக்கிவைத்த தட்டில், என் வாயாலேயே கெட்டது என்ற முத்திரையோடு.

"ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேங்க்ல கேட்டிருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "ஆள் அனுப்பறாங்க. இந்த டிராபிக்ல எப்ப வந்து சேருமோ."

அப்போது அவள் உள்ளே வந்தாள். காலையில் வாரிய தலை கலைந்து கிடந்தது.

"டாக்டர், நேத்து பைங்க நல்லா இருக்கு. எடுத்துக் குடுத்துடுங்க. அது உருகல. நான்தான்... நான்தான் ரப்பர் பேண்டைக் கழட்டினேன். அவங்க கிளம்பின உடனே கழட்டிட்டேன். பை அப்ப தண்ணியா இருந்துச்சு. உள்ள வச்சபடியே உருவிட்டேன், வெளிய எடுக்கவே இல்ல. அப்படியே கல்லாயிடுச்சு. அதான் இடுப்பு விழல."

"காலைல கல்லானப்புறம் கழட்டினேன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன் டாக்டர்."

"இப்ப சொல்றது?"

"இது சத்தியம்."

டாக்டரம்மா அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் மோசம். பாவமாகப் பார்த்தார். "உள்ள இருக்கிறது உங்க வீட்டுக்காரர். இந்த நேரத்துல நீங்க என்ன வேணாலும் சொல்லுவீங்கம்மா. நானா இருந்தாலும் சொல்லுவேன். செத்த பிளாஸ்மாவை ஏத்தினா அவர் உடம்புல வெறும் தண்ணிதான் சேரும். ரத்தம் நிக்காது. நேரமும் போயிடும். அந்தப் பேங்க்காரங்க வரட்டும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா" என்றாள்.

மேடம் போய் அக்கா வந்துவிட்டது. "அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

நான் வாயைத் திறக்கவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. பச்சைப் பொய் சொன்னபோது அவளை எல்லாரும் நம்பினார்கள். உண்மையைச் சொல்லும்போது நாதியில்லை. இதைவிட வேறென்ன வேண்டும்? படுத்திருப்பவனும் லேசுப்பட்டவன் இல்லை. "அண்ணி வாயைத் திறந்தா வீடே நாறுது" என்று மாடிப்படியில் நின்று, எனக்குக் கேட்கட்டும் என்றே என் கணவரிடம் சொன்னவன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். கல்யாணம் ஆகும்வரை என் கையால் சாப்பிட்டு வளர்ந்த வாய் அது. போகட்டுமே என்று நினைத்தேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன நினைக்கிறேன் என்று அவளுக்கு அப்படியே தெரிந்தது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் சண்டை போட்டவளுக்குத் தெரியாதா?

அவள் பார்வையைத் தவிர்க்கத்தான் என் மேஜைப் பக்கம் திரும்பினேன். மேஜைமேல் புது ரப்பர் பேண்டு பாக்கெட் இருந்தது. பிரிக்காமல், ஒட்டின ஒட்டு கலையாமல் இருந்தது.

தினமும் பிரிக்கிற பாக்கெட். இன்றைக்கு ஏன் பிரிக்கவில்லை? இத்தனை பைக்கு எதை மாட்டினேன்? டப்பாவை எடுத்துப் பார்த்தேன். காலியாக இருந்தது, அடியில் அறுந்த துண்டு ஒன்றுகூட இல்லை. நேற்று மாட்டியது எல்லாம் முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது. கோபத்தில் அதைக்கூடக் கவனிக்காமல் காலையில் எடுத்து எடுத்து மாட்டியிருக்கிறேன்.

"டாக்டர், இவ சொல்றது நிஜம்" என்றேன்.

"நீங்களுமா?"

"நான் இவளுக்காகப் பொய் சொல்வேன்னு இந்தக் கட்டடத்துல யாராவது நம்புவாங்களா? கொஞ்சம் இங்க வாங்க."

வேக பிரீசரைத் திறந்தேன். காலையில் வைத்தவை கல்லாகியிருந்தன. ஒரு பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இந்தா, தினமும் எப்படிக் கழட்டுவியோ அப்படியே கழட்டு" என்றேன் அவளிடம்.

அவள் ஒரு கையால் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இழுத்தாள். ரப்பர் பேண்டு முழுசாகக் கழன்று வந்தது. டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகம் செத்துப்போயிற்று.

"அடுத்தது" என்றேன்.

அடுத்தது பட்டென்று அறுந்தது. அதற்கடுத்ததும் அறுந்தது. இன்னொன்று இரண்டு துண்டாகப் பறந்து டாக்டரம்மாவின் மூக்குக் கண்ணாடியில் பட்டது.

"கல்லான பைல இருந்து எடுத்தா பாதிக்குமேல போயிடும் டாக்டர். இவ கை அப்படி. தினம் நான் இதுக்காக இவளைத் திட்டறது உங்களுக்கே தெரியும். நேத்து மாட்டினது ஒன்னுகூட அறுந்துபோகல. ஏன்? பை தண்ணியா இருக்கிறப்பவே உருவியிருக்கா. இடுப்பு கலையல. விழவே இல்ல. அலாரமும் சரி, மானியும் சரி, என் அடையாளமும் சரி. இவ ஒருத்திதான் சரியில்ல."

டாக்டரம்மா காலியான டப்பாவைப் பார்த்தார், பிரிக்காத பாக்கெட்டைப் பார்த்தார், அறுந்து கிடந்த துண்டுகளைப் பார்த்தார். "நீங்க பொறுப்பெடுத்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

"என் பை. நான் பிழிஞ்சது. எடுத்துக்கறேன்."

ஒதுக்கிய தட்டிலிருந்து ஏபி பைகளை எடுத்து வெந்நீர்த் தொட்டியில் போட்டேன். உடம்புச் சூடுதான் இருக்க வேண்டும், அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் இத்தனை நேரம் கட்டிக்காத்த எட்டாவது சம்பந்தி வாசலோடு போய்விடும். அவள் பக்கத்தில் நின்று "ஆச்சா, ஆச்சா" என்று பிடுங்கினாள். "தள்ளி நில்லு, உன் மூச்சுகூடப் படக்கூடாது" என்றேன். கல் மெல்ல மெல்ல மஞ்சளாக இளகியது. துடைத்து அவள் கையில் கொடுக்காமல் நானே தியேட்டர் வாசல்வரை கொண்டுபோனேன்.

உள்ளே இருந்து செய்தி வருவதற்குள் என் கணவர் வந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, சண்டையை விலக்குகிறவர் மாதிரி நடுவில் உட்கார்ந்தார். கடைசியில் நர்ஸ் வந்து, கசிவு நின்றுவிட்டது, தையல் போடுகிறார்கள் என்றாள். அவள் அழுதாள். "அழறதை வீட்ல வச்சிக்க" என்றேன். நான் முகம் கழுவுகிற இடத்துக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

கொழுந்தன் வார்டுக்கு வந்தபிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான். மெலிந்திருந்தான்.

"எல்லாம் கேள்விப்பட்டேன் அண்ணி. அவ சொன்னா."

"என்ன சொன்னா?"

"அவ செஞ்சதையும் சொன்னா. நீங்க குடுத்ததையும் சொன்னா." கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "குடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா நின்னீங்களாமே?"

பாக்கெட்டை அப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் பார்ப்பதற்கு முன்னால் நான் நின்ற நிலை அவனுக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

"ஆமா, நின்னேன்."

அவன் தண்ணீர் கேட்டான். ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வாய்க்கு வந்தபடி என்னை வறுத்தெடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. இதைப்போய் அவனிடம் சொல்லியிருக்கிறாளே, புருஷனைக் காப்பாற்றிக் கொடுத்தவளை இப்படிக் குத்திவிட்டாளே என்று படி இறங்கும்போது பற்றிக்கொண்டு வந்தது. வீடு வந்து சேர்ந்த பிறகும் அடங்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் காரணம்.

டாக்டரம்மா அவளைக் கொஞ்ச நாள் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். ரப்பர் பேண்டு வித்தை மறுபடி நடைமுறைக்கு வந்தது. தண்டனை முடிந்து அவள் வந்த மதியம் நான் எப்போதும் போல மாட்டிவிட்டுக் கிளம்பினேன். அவள் எதிரில் வந்தாள். ஒருவரையொருவர் பார்க்காமல் கடந்தோம்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெரிய பிரீசரைத் திறந்தேன். தட்டு முழுக்கப் பைகள். ஒவ்வொன்றையும் எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் இடுப்பு இருந்தது, நறுக்கென்று, ஆழமாக.

பிறகு மேஜைக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். விளிம்புவரை ரப்பர் பேண்டு. ஒன்றுவிடாமல் அறுந்திருந்தது. குளிரில் எவ்வளவு விறைத்தாலும், எவ்வளவு முரட்டுக் கையானாலும் அத்தனையும் அறுந்துபோகாது. தப்பித்தவறி முழுசாக வந்தவற்றையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டிருக்கிறாள். மூடியின்மேல் ஒரு துண்டுத்தாளை ஒட்டியிருந்தாள்.

"எண்ணிப் பாத்துக்குங்க, மேடம்."

"திமிரைப் பாரு" என்று சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டு, ஒரு துண்டு விடாமல் எண்ணினேன். பைகளின் எண்ணிக்கைக்குச் சரியாக இருந்தது. புதுப் பாக்கெட்டைப் பிரித்தேன்.